ராஜமதி டீச்சருக்காக மாட்டிய நான்கு டயர்கள்

டிராக்டர் பின்சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. என் கை முழுக்கக் கறுப்பு. கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஏழுமலை அண்ணன்தான் போனை எடுத்து என் காதோரம் பிடித்தார். மறுமுனையில் ராஜமதி டீச்சரின் மகன் தரணேந்திரன், பெங்களூரிலிருந்து.

"அக்கா, அம்மா போயிட்டாங்க. காலைல வெந்நீர் போட்டுக் குடிச்சுட்டு நாற்காலில உக்காந்தாங்களாம். அப்படியே... பக்கத்து வீட்டுக்காரங்கதான் பாத்துட்டு சொன்னாங்க. நான் கெளம்பிட்டேன். வர வரைக்கும் நீங்க கொஞ்சம் கூட இருக்கீங்களாக்கா?"

கையைக் கழுவினேனா, அப்படியே ஓடினேனா என்று நினைவில்லை. டீச்சர் வீட்டு வாசலில் அந்த நீல நிற வண்டி உறை போட்டு மூடியபடி நின்றிருந்தது. உள்ளே டீச்சரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மேல்சித்தாமூரிலிருந்து உறவினர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். யாரோ ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க டீச்சர்கிட்ட படிச்சவங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். வேறு என்னவென்று சொல்வது என்று அப்போது தெரியவில்லை.

இப்போது அவருடைய மாணவர்கள் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலரில் என்னையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பறையில் அவர் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நான் செஞ்சியில் டயர்க் கடை வைத்திருப்பவள். என் பெயர் செல்வி. டீச்சர் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு அறிமுகமானார். நான் எழுதக்கூடியது அவருடைய வண்டியைப் பற்றியும், அதற்கு நாங்கள் டயர் தேடிய கதையைப் பற்றியும்தான். அதற்குள் அவர் முழுதாக இருக்கிறார் என்று நம்புகிறேன்.

அந்த வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாண்டிச்சேரியில் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, திறந்து மூடும் கூரை. தரையோடு தரையாக ஊர்ந்து வரும். அரசுப் பள்ளியில் இயற்பியல் டீச்சராகச் சேர்ந்து தலைமையாசிரியையாக வெளியே வந்த ஒரு பெண், வேட்டி துவைக்கும் நீலத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு காந்தி பஜாருக்குள் வந்தால் ஊர் சும்மா இருக்குமா? "ரிடையர்டு ஆன பணத்துக்கு ரெண்டு மனை வாங்கிப் போட்டிருக்கலாம்" என்றார்கள். "வீட்டுக்காரர் போனதுல இருந்தே ஒரு மாதிரி" என்றும் சொன்னார்கள். டீச்சரின் காதுக்கு இதெல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது.

ஒருநாள் அவரிடமே கேட்டேன். "ஏன் டீச்சர் இந்த வண்டி?"

"வேலைக்குப் போன அத்தன வருஷமும் திண்டிவனம் பஸ்ல நின்னுக்கிட்டேதான் போனேன் செல்வி. கம்பியப் புடிச்சிக்கிட்டு, எவன் கால் மேலயோ நின்னுக்கிட்டு. இனிமே உக்காந்துட்டுப் போறேன். நல்லாத் தாழ்வா உக்காந்துட்டு."

இதற்கு மேல் எந்த விளக்கமும் அவர் யாருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

முதன்முதலில் என் கடைக்கு அவர் வந்தது ஐப்பசி பிறக்கும் முன்பு. டிராக்டர் டயர்களுக்கு நடுவில் அந்த வண்டி வந்து நின்றபோது, எருமைகளுக்கு நடுவே ஒரு மீன்கொத்தி உட்கார்ந்தது போலிருந்தது. என் கணவர் லாரி ஓட்டுகிறார். வடக்கே போனால் திரும்ப வாரங்கள் ஆகும். கடை என் பொறுப்பு. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "ஆம்பள யாரும் இல்லியா?" என்றுதான். டீச்சர் இறங்கினார், சுற்றிலும் பார்த்தார், ஏழுமலை அண்ணனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதான கடைக்காரங்க? மழையில இந்த வண்டி வழுக்குது. போன வாரம் சிங்கவரம் திருப்பத்துல பிரேக் போட்டா அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்குது. டயர் நல்லாருக்குன்னு சொல்லித்தான் வித்தாங்க. பாத்துச் சொல்லுங்க."

குனிந்து பார்த்தேன். பட்டன் நன்றாகவே இருந்தது. டயரின் மேல் இருக்கிற வெட்டுகளை எங்கள் பக்கத்தில் பட்டன் என்போம். விரலை விட்டால் ஆழம் தெரிந்தது. ஆனால் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. டயரின் ஓரத்தில் அது எந்த வருடம் எந்த வாரம் செய்யப்பட்டது என்று எண் பொறித்திருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், வண்டி அதிகம் ஓடாமல் ஷெட்டிலேயே கிடந்து டயர் கிழடாகியிருப்பது தெரிந்தது.

"பட்டன் இருக்குது டீச்சர். ரப்பர்தான் செத்துப்போச்சு."

அவர் சத்தமாகச் சிரித்தார். "எங்க ஸ்டாஃப் ரூம்ல கூட அப்படி ரெண்டு பேர் இருந்தாங்க" என்றார்.

அங்கே வேறு வேலையாக வந்திருந்த கார் புரோக்கர் ஒருவர், "பின்னாடி ரெண்டு மட்டும் மாத்திக்குங்க டீச்சர், போதும். இந்த வண்டியத் தள்றது பின்சக்கரம்தான்" என்று யோசனை சொன்னார்.

"தள்றது சரி. நிக்கும்போது முன்சக்கரம் லீவு போட்டுடுமா?" என்று கேட்டார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பி, தான் பல தடவை பிற்பாடு சொல்லப்போகிற அந்த வாக்கியத்தை முதல் முறையாகச் சொன்னார். "ஓடறதுக்கு இன்ஜின் இருக்குது. பிரேக்கு சக்கரத்தத்தான் நிறுத்தும். வண்டிய நிறுத்தறது டயர். எனக்கு நல்லா நிக்கற டயரா பாருங்க செல்வி."

சரியென்று சொல்லிவிட்டேனே தவிர, அந்த மாதிரி டயரை நான் கையால் தொட்டதில்லை. முன்னால் ஒரு அளவு, பின்னால் அதைவிட அகலமாக இன்னொரு அளவு. முன்னதைப் பின்னால் மாற்றிப் போட முடியாது. டிக்கியில் ஸ்டெப்னியும் கிடையாது. அந்த வண்டியில் மாற்றுச் சக்கரத்துக்கு இடமே வைக்காமல் செய்திருந்தார்கள். இதையெல்லாம் டீச்சரிடம் மறைக்காமல் சொன்னேன். "எனக்கும் இது புதுசு டீச்சர். நீங்க சென்னைல பெரிய கடையாப் பாத்துக்கறதுன்னா தாராளமாப் பாத்துக்குங்க."

"நானும் புதுசுதான. ரெண்டு பேரும் சேந்து கத்துக்கலாம்" என்று என் மேசைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அன்றே சென்னையில் ஒரு மொத்த வியாபாரியைப் போனில் பிடித்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அளவைச் சொன்னதும் அந்த ஆள், "மேடம், இது டிராக்டர் டயர் இல்ல. கடைல ஜென்ட்ஸ் யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க" என்றார். எனக்கு இது பழக்கம்தான். ஏழுமலை அண்ணனைக் கூப்பிடக் கையை உயர்த்தியும்விட்டேன். டீச்சர் மேசை மேல் சாய்ந்து போனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"சார், விக்கறது பொம்பள. வாங்கறதும் பொம்பள. நான்தான் வண்டிக்காரி பேசறேன். நீங்க எங்களுக்குத்தான் சொல்லியாகணும், சொல்லுங்க."

தலைமையாசிரியைக் குரல் அது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வியாபாரி பள்ளிக்கூடப் பையனைப் போல எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அதன் பிறகு அவர் என்னிடம் ஒருநாளும் ஜென்ட்ஸைக் கேட்டதில்லை. இன்று வரை அவரிடம்தான் கார் டயர் எடுக்கிறேன்.

அடுத்து வந்த நாட்களில் டீச்சர் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்குக் கடைக்கு வருவார். ஜைன முறைப்படி பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார் என்பதால் டிபன் பாக்ஸைக் கையோடு கொண்டுவந்து என் மேசையிலேயே சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம். அவருக்கு ஒரு டயர் மேல் கண் இருந்தது. பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் போடுவது. படத்தில் பார்த்தாலே அழகாக இருக்கும், வெட்டுகள் குறைவு, வெயிலில் தாரோடு ஒட்டிக்கொண்டு போகுமாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க எங்கெல்லாம் போவீங்க டீச்சர்?"

"மேல்சித்தாமூர் மடத்துக்கு. மண்டகப்பட்டு குகைக்கு. எப்பவாச்சும் பாண்டிச்சேரி."

"இதுல எந்த ரோட்ல ரேஸ் விடுவாங்க? ரோட்டுலயே நெல்லு காயுது, மல்லாட்டை காயுது. குறுக்க ஆடு, கன்னுக்குட்டி. அடுத்த மாசம் மழை. உங்களுக்குத் தண்ணிய வெட்டி வெளிய தள்ற டயர்தான் வேணும்."

டிபன் பாக்ஸை மூடி வைத்தார். பிறகு, "எனக்குப் பயம் ஒண்ணே ஒண்ணுதான் செல்வி. என் கையால ஒரு உயிர் போயிடக் கூடாது. நாயோ அணிலோ எதுவா இருந்தாலும். வண்டி வாங்கின நாள்ல இருந்து மனசுல அது ஓடிக்கிட்டே இருக்குது" என்றார். அந்த அழகான டயரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

எல்லாம் முடிவாகிற சமயத்தில்தான் தரணேந்திரன் எனக்கு முதல் முறை போன் செய்தான். அப்போது என்னை மேடம் என்றான்.

"மேடம், ஒரு உதவி. அந்த டயர் எங்கயும் கெடைக்கலன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க. வண்டி அப்படியே நின்னுடும். ஆறு மாசம் போனா அவங்களே வித்துடுவாங்க. உங்களுக்கு வர வேண்டிய லாபத்த நானே குடுத்துடறேன்."

எனக்குக் கோபம் வந்தது. சொல்லிவிட வாயெடுப்பதற்குள் அவன் குரல் உடைந்துவிட்டது. "அப்பாவுக்கு ஆனப்ப நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு மேடம். அம்மாவுக்கு ரோட்ல ஒண்ணு ஆகி, அப்பவும் நான் வந்து சேர முடியாமப் போச்சுன்னா இன்னா பண்ணுவேன்? வேற யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல."

யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசித்தேன். அவன் பயம் நிஜமான பயம். ஆனால் டீச்சர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் பொய் சொல்ல என்னால் ஆகாது. இந்தக் கடைக்கு வந்த வாடிக்கையாளர்களில் என்னைக் கடைக்காரி என்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். மறுநாள் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

டீச்சரின் கை மூடி மேலேயே நின்றுவிட்டது. அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. திறக்காமலே பாக்ஸை ஓரமாகத் தள்ளிவைத்தார். நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

"அவன் பயப்படறது தப்பில்ல" என்றார். "பொய் சொல்லுங்கன்னு கேட்டதுதான் தப்பு. அந்தப் பயத்த என்கிட்ட சொல்ல முடியாத மாதிரி நான் இருந்திருக்கேன் பாருங்க, அது என் தப்பு." அப்படியே போனை எடுத்து மகனை அழைத்தார். "தரணி, ஞாயித்துக்கெழம செஞ்சிக்கு வா. திட்டறதுக்கு இல்ல. எனக்கு டயர் நீதான் பாத்துக் குடுக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். தரணேந்திரன் கடைக்குள் தலையைக் குனிந்துகொண்டே வந்தான். அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. டீச்சர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, ஏழுமலை அண்ணனிடம் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு மகனிடம் பேசினார்.

"வண்டிய விக்க மாட்டேன். அது முடிஞ்ச பேச்சு. ஆனா நீ பெங்களூர்ல தூங்கணும். நான் எந்த டயர் போட்டா நீ தூங்குவேன்னு செல்விகூட உக்காந்து நீயே பாரு. நீ சொல்றதப் போட்டுக்கறேன்."

அவன் எதிர்பார்த்து வந்தது இதுவல்ல. மெதுவாகப் போனை எடுத்தான், படித்தான், என்னிடம் கேட்டான். கேட்கக் கேட்க அவன் குரலில் இருந்த முடிச்சு தளர்ந்தது. மழைக்கான டயர், நான்கும் ஒரே நேரத்தில், ஒரே கம்பெனி, புதிதாகச் செய்தது. இதிலெல்லாம் எங்களுக்குள் சண்டையில்லை. சண்டை வந்தது வேறொன்றில். காற்று இறங்கிவிட்டாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற கெட்டி டயர் ஒன்று உண்டு. பழைய டயர்களும் அந்த ரகம்தான். அதையேதான் போட வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான்.

"அது கல்லு மாதிரி இருக்கும்பா. நம்ம ஊர்ப் பள்ளத்துல ஒவ்வொண்ணும் அம்மா முதுகுல இடிக்கும். ரிம்மும் வளைஞ்சிடும். இப்ப அவங்க முதுகப் புடிச்சிக்கிட்டு எறங்கறத நீ பாத்ததில்ல, நான் பாக்கறேன்" என்றேன்.

"சரி. சாதா டயர் போட்டு நடு ரோட்ல பஞ்சர் ஆச்சுன்னா? ஸ்டெப்னி கூட இல்ல. தனியா ஒரு லேடி நின்னுக்கிட்டு இருப்பாங்களா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் யோசித்துப் பேசியதாகச் சொல்ல முடியாது. வாயில் வந்துவிட்டது.

"எங்க நின்னாலும் எனக்குப் போன் பண்ணட்டும். நான் போறேன்."

"எப்பவும் கடைல இருப்பீங்களா?"

"கடைல இல்லன்னா வீட்ல இருப்பேன். வீடு கடைக்குப் பின்னாடிதான்."

அவன் ஆறிய டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். பிறகு, "அப்ப சாதாவே போடுங்கக்கா" என்றான். அப்போதுதான் அக்கா ஆனேன்.

டீச்சர் கைதட்டினார். "அப்ப என் ஸ்டெப்னி டிக்கில இல்ல, செஞ்சில இருக்குது!"

ஒன்றை மட்டும் நான் சொல்ல வேண்டியிருந்தது. "இது மெத்துன்னு இருக்கற ரப்பர் டீச்சர். நல்லா புடிக்கும், ஆனா சீக்கிரம் தேஞ்சிடும்."

"தேயட்டும். எனக்கப்புறமும் பட்டனோட நிக்கற டயர வெச்சு நான் இன்னா பண்றது?"

"அம்மா!" என்று அதட்டினான் மகன். அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அன்று அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

டயர்கள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த அன்றும் தரணேந்திரன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். ரிம்மில் கீறல் விழாமல் துணி சுற்றி, டயரில் பொறித்திருக்கும் அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றும்படி பார்த்துப் பார்த்து மாட்டினோம். முடிந்ததும் டீச்சர், "செல்வி, ஏறுங்க. ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார். மகன் கடையில் காத்திருந்தான்.

புது டயர் கொஞ்ச தூரம் ஓடினால்தான் பிடிப்பு வரும், மெதுவாகப் போங்கள் என்று சொல்லியிருந்தேன். கூரையைத் திறந்துவிட்டு மெதுவாகத்தான் சிங்கவரம் சாலையில் போனார். அந்த வண்டியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உயரம் இல்லாததால் கையை நீட்டினால் சாலையைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. இடது பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் பெண்கள் குனிந்து கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா. நான் கடை வைத்த பிறகும் அம்மா கூலிக்குப் போவதை விடவில்லை. சும்மா உட்கார்ந்தால் கை கால் விளங்காமல் போய்விடும் என்பார்.

"டீச்சர், எங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. டீச்சர் உடனே வண்டியை ஓரம் கட்டினார்.

அம்மா நிமிர்ந்து கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். "அடியே, செல்வியா? இன்னாடி இது வண்டி?"

டீச்சர் இறங்கி வரப்பு வரைக்கும் போனார். "வாங்கம்மா. உங்க பொண்ணு மாட்டின டயரு. ஒரு ரவுண்டு வந்து பாருங்க."

"ஐய, வேணாம் டீச்சரம்மா. கால்ல எல்லாம் சேறு. சீட்டு மண்ணாயிடும்."

"மண்ணுதான? தொடச்சா போயிடும். வாங்க."

"நான் அதுலலாம் உக்காரக் கூடாதும்மா" என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி. அந்தக் 'கூடாது' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் அம்மாவின் கையை, மண்ணோடு, பிடித்துக்கொண்டார். வண்டி வரைக்கும் விடவில்லை.

இரண்டே இருக்கை. நான் இறங்கிக்கொண்டேன். அம்மா உட்காருவதற்கு முன் முந்தானையால் காலைத் துடைக்கப் போனார். அதையும் டீச்சர் விடவில்லை. கதவைச் சாத்தி, பெல்ட்டை மாட்டிவிட்டு, என்னைக் கொல்லையில் நிற்கவைத்துவிட்டு இருவரும் போனார்கள். பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் வரப்பில் ஏறி நின்றார்கள். ஒருத்தி விசிலடித்தாள். வண்டி ஏரிக்கரைத் திருப்பத்தில் மறைந்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது. அம்மாவின் தலைமுடி மொத்தமும் அவிழ்ந்து பறந்துகொண்டிருந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"பறக்கற மாதிரி இருக்கும்னு பாத்தேன். தரையில வெச்சு இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்குதுடி. ஆனா நல்லாருக்குது."

கடைக்குத் திரும்பத் தாமதமாகிவிட்டது. தரணேந்திரன் வாசலுக்கும் சாலைக்குமாக நடந்துகொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னோம். இடது இருக்கையில் காய்ந்துகொண்டிருந்த சேற்றைப் பார்த்தான். நான் துடைக்கத் துணியை எடுத்தேன். அதை என் கையிலிருந்து வாங்கி அவனே துடைத்தான்.

நான் கொடுத்த வாக்கை நம்பி டீச்சர் என்னை அழைத்தது மண்டகப்பட்டிலிருந்து. ஆணி ஏறிவிட்டது. சாமான்களை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். நடுரோட்டில் தனியாகத் தவித்துக்கொண்டிருப்பார் என்று பதறிப் போனால், அவர் குகைக் கோயிலுக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தோடு மரத்தடியில் உட்கார்ந்து அவர்களுடைய சாப்பாட்டில் பங்கு வாங்கிக்கொண்டிருந்தார். வெங்காயம் இல்லாததை மட்டும் பொறுக்கி எடுத்துச் சாப்பிட்டதாகச் சொன்னார். ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரி செருகி, காற்று அடித்து முடித்தேன். "தரணிகிட்ட நான்தான் சொல்வேன், நீங்க சொல்லாதீங்க" என்று அங்கேயே அவனுக்குப் போன் போட்டார். "பஞ்சர் ஆச்சு. செல்வி வந்தாங்க. சரியாயிடுச்சு. நீ வேலையப் பாரு." அவ்வளவுதான்.

கார்த்திகை மழையில் ஒருநாள் தரணேந்திரன் போனில் பேசினான். ஊருக்கு வந்திருந்தவன் அம்மாவோடு வண்டியில் போயிருக்கிறான். கொட்டும் மழை. மேல்சித்தாமூர் சாலையில் ஓர் ஆட்டுக்குட்டி திடீரென்று குறுக்கே பாய்ந்துவிட்டது.

"நின்னுச்சுக்கா" என்றான். மூச்சு இன்னும் அடங்கவில்லை. "நேரா நின்னுச்சு. குட்டி எங்களையே பாத்துக்கிட்டு நிக்குது. அம்மா ஸ்டியரிங்ல தலைய வெச்சு அழறாங்க. இருங்க, குடுக்கறேன்."

டீச்சர் போனை வாங்கினார். "செல்வி" என்றார். மறுபடியும் "செல்வி" என்றார். என் பெயரை அப்படி யாரும் அழைத்ததில்லை.

அதற்குப் பிறகு தரணேந்திரன் வண்டியை விற்கும் பேச்சை எடுக்கவில்லை. டீச்சருக்குக் காரியங்கள் முடிந்த பிறகும் எடுக்கவில்லை. போன வாரம் காற்று பார்க்க அதைக் கடைக்கு ஓட்டி வந்தான். பாதிப் பட்டன் தேய்ந்திருந்தது. பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான். நல்லது என்றேன். நான்கு சக்கரத்துக்கும் காற்று பார்த்து அனுப்பினேன்.

டீச்சரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று இதை எழுதும்போது யோசித்தேன். சொல்ல நிறைய இருக்கிறது. ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். என் மகள் நித்யா நர்சிங் முடித்திருக்கிறாள். ஐதராபாத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அந்தச் செய்தியோடு அவள் வந்து நின்றபோது எனக்கு முதலில் தோன்றியது தடுக்க வேண்டும் என்றுதான். தெரியாத ஊர், தெரியாத பாஷை. உங்க நைனா ஒத்துக்க மாட்டார் என்று சொல்லி அங்கேயே முடித்திருக்கலாம். என் கணவரைக் கேட்காமலே சொல்லியிருக்கலாம். நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம்.

நான் அவளை உட்காரவைத்தேன். "எனக்குப் பயமா இருக்குது நித்யா. உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல. பயமா இருக்குது, அவ்ளோதான். நீ போ. ஆனா நான் இங்க தூங்கறதுக்கு இன்னா பண்ணலாம், நீயே சொல்லு."

அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். அவளிடம் நான் பயத்தைச் சொன்னது அதுதான் முதல் முறை. என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"மொத வாரம் நீயும் கூட வாம்மா. நான் தங்கற எடம், போற வழி எல்லாத்தையும் உன் கண்ணால பாத்துட்டு வந்துடு."

அடுத்த திங்கட்கிழமை கிளம்புகிறோம். நான் இந்த மாவட்டத்தைத் தாண்டிப் போவது இதுவே முதல் தடவை.